பொட்டாசியம் ஒரே நாளில் எப்படி மாறியது? எடுத்த இரத்தத்துக்கு என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: "அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. வழக்கமான பரிசோதனைக்கு வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்தில் (கிளினிக்கில்) நான்கு குழாய் இரத்தம் எடுத்தார்கள். அன்று மாலையே போன் வந்தது. பொட்டாசியம் 6.3, உடனே வந்து மறுபடி இரத்தம் கொடுங்கள் என்றார்கள். பயந்துபோய் ஓடினோம். இரண்டாம் முறை 4.4. முதல் முடிவு எப்படித் தப்பாகும்? ஆய்வுக்கூடத்தில் யாருடைய இரத்தத்தோடாவது மாற்றிவிட்டார்களா? விரலில் ஒரு துளி எடுத்தால் போதாதா? மிச்ச இரத்தத்தை என்னதான் செய்கிறார்கள்?"

முதலில் அம்மா விஷயம். பொட்டாசியம் ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை இருந்தால் சரியான அளவு. 4.4 அதன் நடுவில் நிற்கிறது. மருத்துவர் வேறு எதுவும் சொல்லாதவரை இளநீரையோ வாழைப்பழத்தையோ பயந்து நிறுத்த வேண்டாம். மருந்தகம் அவசரமாகக் கூப்பிட்டதும் சரிதான். உடம்பில் உண்மையாகவே 6.3 இருந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அந்த எண்ணைப் பார்த்தும் கூப்பிடாமல் விட்டிருந்தால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

நான் சிங்கப்பூரில் மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். உங்கள் அம்மாவின் குழாயை நான் பார்க்கவில்லை. ஆனால் இதே கதையை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன். பெரும்பாலும் கருவி சரியாகவே அளந்திருக்கும். குழாய்க்குள் 6.3 இருந்தது, அம்மாவின் உடம்பில் இல்லை. இந்த இரண்டுக்கும் இடையில் ஆன சில மணி நேரத்தில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

இரத்தம் உடம்பைவிட்டு வெளியே வந்த பிறகும் உயிரோடு இருக்கிறது. சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அணுக்களைத் தனியே பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். பொட்டாசியம் நேர்மாறு. அது சிவப்பணுவுக்கு உள்ளே, வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல் இருக்கிறது. அணுவின் சுவரில் உள்ள சின்னஞ்சிறு பம்புகள் ஓயாமல் வேலை செய்து அதை உள்ளேயே பிடித்துவைக்கின்றன. அணு உடைந்தாலோ, பம்பு களைத்தாலோ பொட்டாசியம் வெளியே வந்துவிடும். அதிலும் ஒரு விசேஷம்: பிரிக்காத இரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்தால் கெடாது என்று தோன்றும். குளிரில் பம்பு மந்தமாகி, பொட்டாசியம் இன்னும் அதிகமாகக் கசியும். சட்னிக்கு நல்லது செய்கிற குளிர்பெட்டி இரத்தக் குழாய்க்குக் கெடுதல் செய்யும்.

ஆக, அம்மாவுக்கு நடந்திருக்கக்கூடியவை சில. நரம்பு கிடைக்கவில்லை என்று கையை இறுக மூடித் திறக்கச் சொல்லியிருக்கலாம். அந்தத் தசை வேலையே பொட்டாசியத்தை ஏற்றும். பட்டையை நெடுநேரம் கட்டியிருக்கலாம். மெல்லிய ஊசி வழியாக வேகமாக இழுத்ததில் அணுக்கள் உடைந்திருக்கலாம். குழாயைப் பலமாகக் குலுக்கியிருக்கலாம். வேன் வரும்வரை பிரிக்காமல் காத்திருந்திருக்கலாம். ஆய்வுக்கூடப் பிழைகள் என்று எண்ணப்படுவதில் பாதிக்கும் மேற்பட்டவை கருவிக்கு முன்னால், இப்படித்தான் நடக்கின்றன. அதனால் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் எவை என்று யாராவது கேட்டால், விலை உயர்ந்த கருவிகளை நான் முதலில் சொல்லமாட்டேன். இரத்தத்தை எடுத்த கணத்தில் இருந்தபடியே நிறுத்திவைக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளைத்தான் சொல்வேன்.

அந்த நான்கு குழாய்களே அப்படி ஒரு வழிதான். ஜோசப் கிளைனர் என்பவர் 1940களில் அமெரிக்காவில் காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாயை உருவாக்கினார். அதற்கு முன் கொதிக்கவைத்த கண்ணாடி ஊசியால் உறிஞ்சி, பிறகு வேறு பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். கிளைனரின் குழாயில் ரப்பர் மூடியை ஊசி துளைத்ததும் உள்ளே இருக்கும் வெற்றிடமே இரத்தத்தை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இழுக்கும். இது சின்ன விஷயம் இல்லை. வெளிர்நீல மூடிக் குழாயில், இரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் கரைசல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு இரத்தம் இருக்க வேண்டும். பாதிக் குழாய் நிரம்பினால் உறையும் நேரம் தப்பாக வரும். இரத்தம் உறைவதைக் குறைக்கிற வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மருந்தின் அளவே மாறிவிடும்.

மூடியின் நிறம் உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்பதற்கான அடையாளம். அம்மாவிடம் எடுத்ததில் மஞ்சள் மூடி சிறுநீரகம், உப்புகள், கொழுப்புக்காக இருந்திருக்கும். ஊதா மூடியில் ஈடிடிஏ என்ற உப்பு; அது இரத்தத்திலுள்ள கால்சியத்தைக் கவ்விக்கொள்வதால் இரத்தம் உறையாது, அணுக்களின் வடிவமும் கெடாது. இரத்த அணு எண்ணிக்கைக்கும், மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்கிற எச்பிஏ1சிக்கும் அதுதான். சாம்பல் மூடியில் ஃபுளோரைடு. சிவப்பணு சர்க்கரையைத் தின்பதை அது தடுக்கும். ஆனால் முழுதாகத் தடுக்க ஒன்று இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் சாம்பல் குழாயையும் கிடப்பில் போடக்கூடாது. ஒரு குழாயில் எடுத்து எல்லாவற்றுக்கும் பங்கு போட முடியாததற்குக் காரணம் இதுதான். ஒரு பரிசோதனையைக் காப்பாற்றுகிற மருந்து இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

எப்படிக் கெடுக்கும் என்பதை ஒரு இரவில் நேரில் பார்த்தேன். பத்து வருடம் இருக்கும். இரவு இரண்டு மணி. திரையில் ஒரு நோயாளியின் பொட்டாசியம் 14 என்று சிவப்பில் மின்னியது. கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்த அளவில் இதயம் துடிக்காது. வார்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு தமிழ்ப் பெண், புதிதாகச் சேர்ந்த தாதி.

"தங்கச்சி, அந்த நோயாளி எப்படி இருக்கார்? உடனே போய்ப் பாரும்மா."

"அக்கா, அவர் உட்கார்ந்து மைலோ குடிச்சிக்கிட்டு இருக்காரு."

"சரி. இரத்தம் எடுக்கும்போது மஞ்சள் குழாய் நிரம்பலையா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்லச் சொன்னாள்: "ஆமாக்கா, கொஞ்சமாத்தான் வந்தது. அவருக்கு மறுபடி குத்தினா வலிக்குமேன்னு ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊத்தினேன்."

ஊதாக் குழாயில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசிய உப்பு. அது மஞ்சள் குழாய்க்குள் போனதும் பொட்டாசியம் வானத்துக்கு ஏறும், கால்சியம் கவ்வப்பட்டுத் தரைக்கு இறங்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். கொஞ்சம் மட்டும் கலந்து, பொட்டாசியம் 3-லிருந்து 4.5 ஆகியிருந்தால்? எண் அழகாகத் தெரியும், நோயாளியின் குறைந்த பொட்டாசியம் மறைந்தே போகும். அதுதான் எனக்குப் பயமானது. குழாய்களை ஒரு வரிசைப்படிதான் நிரப்ப வேண்டும், வெளிர்நீலம் முன்னால், மஞ்சள் அடுத்து, ஊதாவும் சாம்பலும் கடைசி என்று தாதிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஊசி நுனியில் ஒட்டுகிற துளி மருந்தும் அடுத்த குழாய்க்குப் போகக்கூடாது என்பதற்காக. அந்தப் பெண் இரக்கப்பட்டுத்தான் செய்தாள். இன்று அவளே புதியவர்களுக்கு இந்த வரிசையைச் சொல்லித் தருகிறாள்.

மஞ்சள் குழாயின் அடியில் ஒரு துண்டு ஜெல் இருப்பதைக் கவனித்தீர்களா? பார்க்க வாசலின் மாதிரி இருக்கும். சிவப்பணுவைவிட லேசானது; இரத்தம் உறைந்த பின் பிரிகிற தெளிந்த நீரான சீரத்தைவிடக் கனமானது. அரை மணி நேரம் உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் கருவியில் பத்து நிமிடம் சுழற்றினால் அந்த ஜெல் இளகி மேலே ஏறி, அணுக்களுக்கும் சீரத்துக்கும் நடுவில் போய்ச் சுவராக உட்கார்ந்துகொள்ளும். சுழற்சி நின்றதும் மறுபடி கெட்டியாகிவிடும். அதற்கப்புறம் அணுக்கள் கீழே என்ன செய்தாலும் மேலே இருக்கும் சீரத்தைத் தொட முடியாது. நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். அணு உடைந்த சீரம் ரோஜா சிரப் கலந்த தண்ணீர் மாதிரி சிவந்திருக்கும். இந்தச் சிவப்பை இப்போது கருவியே அளந்து, இந்தப் பொட்டாசியத்தை நம்பாதே என்று எச்சரிக்கிறது. ஆனால் காத்திருப்பிலும் குளிரிலும் கசிந்த பொட்டாசியத்துக்கு நிறம் கிடையாது. அதனால்தான் மறுபடி எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சுழற்றுவது என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோடா மூடியைத் தட்டையாக்கி, நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து, இரண்டு கையாலும் இழுத்து இழுத்து விர்ரென்று சுற்றவிட்டிருக்கிறீர்களா? ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் அவருடைய குழுவும் 2017-இல் அதே மாதிரி விளையாட்டுப் பொருளை வைத்துக் காகிதத்தில் ஒரு சென்ட்ரிஃபியூஜ் செய்தார்கள். செலவு 20 அமெரிக்கக் காசு. நிமிடத்துக்கு 125,000 சுற்று. மின்சாரம் வேண்டாம். ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிடுகிறது. எங்கள் மேசையில் நிற்கிற கருவியைவிட அது பல மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்று படித்தபோது என் அப்பா ஞாபகம் வந்தது. கிரீன்ஸ்பாட் குளிர்பான மூடியில் எனக்கு முதலில் செய்து கொடுத்தவர் அவர்தான்.

அடுத்து ஊதாக் குழாய். அதை எண்ணுகிற கருவிக்கும் இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதிகம் பேருக்குத் தெரியாது. வாலஸ் கோல்ட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1930களில் எக்ஸ்ரே கருவிகளை விற்று, பழுது பார்க்கும் வேலையாகக் கிழக்காசியாவுக்கு வந்தார். மணிலா, ஷாங்காய், பிறகு சிங்கப்பூர். மருத்துவமனைகளுக்குப் போகும்போதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் நுண்ணோக்கிக்குள் குனிந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவதைப் பார்த்தார். கண் எரியும், எண்ணிக்கை தவறும், ஒரே இரத்தத்தை இரண்டு பேர் எண்ணினால் இரண்டு விடை வரும். 1941 கடைசியில் ஜப்பானியப் படை நெருங்கியபோது அவர் ஒரு சிறிய சரக்குக் கப்பலில் இந்தியாவுக்குத் தப்பினார். அங்கிருந்து ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று சுற்றி 1942 கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் வீடு சேர்ந்தார்.

போர் முடிந்ததும் சிக்காகோவில் வீட்டு நிலவறையில் தம்பி ஜோசப்போடு சேர்ந்து வேலையைத் தொடங்கினார். யோசனை அவ்வளவு எளிமையானது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும், அணுவில் பாயாது. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு நுண்ணிய ஓட்டை, அதன் வழியே மின்சாரம். அணு ஒன்று அந்த ஓட்டையைக் கடக்கும்போது மின்சாரம் ஒரு கணம் தடுக்கப்படும். அந்தத் தடுமாற்றத்தை எண்ணினால் அணுவின் எண்ணிக்கை. தடுமாற்றம் எவ்வளவு பெரியது என்று பார்த்தால் அணுவின் பருமன். முதல் ஓட்டையைச் சிகரெட் பெட்டியின் செலஃபேன் தாளில் சூடான ஊசியால் போட்டார் என்று சொல்வார்கள். 1953-இல் காப்புரிமை கிடைத்தது. ஒருவர் அரை மணி நேரம் குனிந்து சில நூறு அணுக்களை எண்ணிய வேலையை, இன்று கருவி ஒரு நிமிடத்துக்குள் பல்லாயிரம் அணுக்களை எண்ணி முடிக்கிறது.

டெங்கி காலத்தில் இதன் அருமை தெரியும். 2020-இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. வார்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தினமும் தட்டணு (இரத்தம் உறைய உதவும் சின்ன அணு) எண்ணிக்கை பார்க்க வேண்டும். கையால் எண்ணிக்கொண்டிருந்தால் முடிகிற காரியமா? ஆனாலும் கண்ணுக்கு வேலை முடிந்துவிடவில்லை. சிலருடைய இரத்தத்தில் ஈடிடிஏ பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கருவி கட்டியைத் தட்டணு என்று எண்ணாது. எண்ணிக்கை பயங்கரமாகக் குறைந்துவிடும். காய்ச்சலே இல்லாத ஒருவருக்குத் தட்டணு 20,000 என்று வந்தால் நாங்கள் கண்ணாடியில் ஒரு துளியைத் தேய்த்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் ஓரங்களைப் பார்ப்போம். திராட்சைக் கொத்து மாதிரி தட்டணுக்கள் சேர்ந்து கிடக்கும். அப்போது சிட்ரேட் குழாயில் மறுபடி எடுக்கச் சொல்வோம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி மறுபடி கூப்பிட்டால், அநேகமாக ஒருவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்ரேட் என்றதும் இரத்த வங்கி வந்துவிடும். 1914 வரை இரத்தம் கொடுப்பவரும் வாங்குபவரும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும்; இரத்தம் உறைவதற்குள் மாற்றியாக வேண்டும். அந்த வருடம் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹுஸ்டினும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் சிட்ரேட் கலந்த இரத்தத்தை ஏற்றிக் காட்டினார்கள். மறு வருடம் நியூயார்க்கில் ரிச்சர்ட் லெவிசோன், 0.2 சதவீதம் போதும், அந்த அளவு உடம்புக்கும் ஆபத்தில்லை என்று கணக்கிட்டார். 1916-இல் ரௌஸும் டர்னரும் அதில் குளுக்கோஸ் சேர்த்தார்கள். பையில் கிடக்கிற சிவப்பணுவுக்குச் சாப்பாடு போடுகிற யோசனை அது. இரத்தம் கொடுக்கிற மனிதரும் வாங்குகிற மனிதரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் அதோடு போனது. ஒருவர் இன்று கொடுத்தது அடுத்த மாதம் முன்பின் தெரியாத ஒருவரைக் காப்பாற்றலாம். இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பை என் துறையில் நான் அறியேன்.

சிங்கப்பூரில் இரத்த மாற்றுச் சேவை 1946-இல் தொடங்கியது. இப்போது சுகாதார அறிவியல் ஆணையம் நடத்துகிறது. ஊட்ரம் ரோட்டில் இருக்கிற வங்கிதான் தலைமை இடம். நீங்கள் கொடுக்கும் 350 அல்லது 450 மில்லிலிட்டர் ஒரு பையில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையோடு காலிப் பைகள் குழாயால் இணைந்து தொங்கும். 1950 வாக்கில் கார்ல் வால்டர் என்ற அறுவை மருத்துவர் கண்ணாடிப் பாட்டிலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அப்போதுதான் இரத்தத்தைச் சுழற்றி, வெளிக்காற்று படாமல், ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பிழிந்து பிரிக்க முடிந்தது. ஒரு தானம் மூன்று பேருக்குப் போவது பாட்டில் பையானதால் வந்த பலன். சிவப்பணு 2 முதல் 6 டிகிரியில் 42 நாள் தாங்கும். பிளாஸ்மா உறைநிலைக்குக் கீழே ஒரு வருடம் இருக்கும். தட்டணுவுக்கு மட்டும் குளிர் ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், தொட்டில் ஆட்டுவது போல ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்திருப்பார்கள். குளிரில் வைத்த தட்டணு உடம்புக்குள் போனதும் வேகமாக அகற்றப்பட்டுவிடும். ஆட்டிக்கொண்டே வைத்தாலும் ஐந்து முதல் ஏழு நாள்தான். அதனால்தான் பண்டிகை விடுமுறைகளில் இரத்தம் கொடுக்க வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். சேர்த்து வைத்துக்கொள்ள முடியாத பொருள் அது. தீபாவளிக்கு முந்திய வாரம் உங்களுக்குக் குறுஞ்செய்தி வந்தால் காரணம் இதுதான்.

இரத்தத்தை நிறுத்திவைக்க இன்னும் எளிய வழி, அதைக் காயவிடுவது. மகனுக்கு மனவளர்ச்சிக் குறை, மனைவியின் சகோதரி மகளுக்கு பினைல்கீட்டோனூரியா (கவனிக்காவிட்டால் மூளையைப் பாதிக்கும் பிறவி நோய்) என்று வலியை வீட்டிலேயே பார்த்த அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி, அந்த நோயைக் கண்டுபிடிக்க 1960களின் தொடக்கத்தில் பச்சைக் குழந்தையின் குதிகாலில் குத்தி, வடிதாளில் ஒரு பொட்டு இரத்தம் ஒற்றி, காயவைத்துத் தபாலில் அனுப்பினால் போதும் என்று காட்டினார். காய்ந்த இரத்தத்தில் எதுவும் ஓடாது, கசியாது. இங்கே சிங்கப்பூரில் 1965-லிருந்து பிறக்கிற குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு (இருந்தால் சிவப்பணுக்கள் எளிதில் உடையும்) இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கு முன் கடும் மஞ்சள்காமாலை மூளையைத் தாக்கிப் பல குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சோதனைகளில் ஒன்று பார்க்கவே அழகாக இருக்கும். இரத்தத்தோடு ஒரு கரைசலைக் கலந்து, வடிதாளில் பொட்டு வைத்து, இருட்டில் புறஊதா விளக்கின் கீழ் பிடித்தால் நல்ல நொதி உள்ள பொட்டு நீலமாக ஒளிரும். குறைபாடுள்ள பொட்டு இருட்டாகவே கிடக்கும். அந்த இருட்டுப் பொட்டின் தாய்க்குத்தான், குழந்தையின் துணியோடு அந்துருண்டை வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். பாட்டிகள் கேட்கத் தயங்கினாலும் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உறையவைப்பது வேறு கதை. 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கோழியின் விந்தணுவை உறையவைக்க முயன்றபோது, லேபிள் மாறிய ஒரு பாட்டிலிலிருந்த கிளிசரால்தான் அணுக்களைக் காப்பாற்றியது என்று கண்டுபிடித்தார்கள். தண்ணீர் பனியாகும்போது அணுவைக் கிழிக்கும். கிளிசரால் அதைத் தடுக்கும். பிறகு அதே வேலையைச் செய்கிற டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருள் வந்தது. 1988-இல் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தொப்புள்கொடி இரத்தம் ஏற்றப்பட்டது. இங்கே பொதுத் தொப்புள்கொடி வங்கி 2005-இல் தொடங்கியது. இந்தப் பைகள் திரவ நைட்ரஜனில், மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே இருக்க வேண்டும். கொஞ்சம் வெப்பம் ஏறினாலும் பார்வைக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே அணுக்கள் செத்துக்கொண்டிருக்கும். 2023 நவம்பரில் ஒரு தனியார் வங்கியின் கலன்களில் வெப்பநிலை வரம்பு மீறியதைச் சுகாதார அமைச்சு வெளியிட்டபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பைகள் கெட்டுவிட்டன என்று தெரிந்தது. பெற்றோர்கள் அழுததைச் செய்தியில் பார்த்தேன். வருடக்கணக்கில் ஒரு பொருளைக் காப்பதாகப் பணம் வாங்கினால், கலனின் வெப்பமானியை இரவும் பகலும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கிற மனம் கிடையாது.

இனி, ஒரு துளி போதாதா என்ற கேள்வி. சிலவற்றுக்குப் போதும், அம்மா வீட்டில் சர்க்கரை பார்க்கிற கருவி அதுதானே. அவசரப் பிரிவில் இரண்டு மூன்று துளியில் சில நிமிடங்களில் உப்புகளைச் சொல்கிற அட்டைக் கருவிகளும் உண்டு. உயிர் காக்கும் கருவிகள்தான். ஆனால் அவை இரத்தத்தைப் பிரிக்காமல் முழுசாகவே அளக்கின்றன. அணு உடைந்திருந்தாலும் அந்தச் சிவப்பு நிறம் யார் கண்ணிலும் படாது. விரல் நுனியைப் பிழியும்போது திசுக்களிலுள்ள நீர் கலக்கும், அணுக்களும் உடையும். இன்னொன்று, தேடுகிற பொருள் மிக அரிதாக இருந்தால் அது அந்த ஒரு துளிக்குள் வராமலே போகலாம். துளியில் இல்லாததை எந்தக் கருவியும் காட்டாது. ஒரு துளியில் நூற்றுக்கணக்கான சோதனை என்று 2003-இல் தொடங்கிய தெரனோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2018-இல் மூடப்பட்டது. அதன் நிறுவனர் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வாக்குறுதியை நம்பித் தப்பான முடிவுகளைக் கையில் வாங்கிய நோயாளிகளை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இதற்காகப் புதியவை வராது என்று அர்த்தமில்லை. இந்த ஊரிலேயே நல்லவை வந்திருக்கின்றன. கோவிட் காலத்தில் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியில் வாங் லின்ஃபாவின் குழு உருவாக்கிய சிபாஸ் சோதனை, கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று ஒரு மணி நேரத்தில் சொன்னது. அதுவரை உயிருள்ள கிருமியை வைத்து, உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் நாள்கணக்கில் செய்த வேலை. 2020 நவம்பரில் அமெரிக்காவும் அவசர அனுமதி கொடுத்தது. ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பிலிருந்து பிறந்த ஒரு நிறுவனத்தின் இரத்தச் சோதனை, 12 மைக்ரோ ஆர்என்ஏக்களை (அணுக்களிலிருந்து இரத்தத்துக்கு வரும் மிகச் சிறிய மரபுத் துணுக்குகளை) அளந்து இரைப்பைப் புற்றுநோய் ஆபத்தைச் சொல்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தில் லிம் சுவீ டெக் குழுவின் ஆய்விலிருந்து வந்த சில்லு, சுருள் வடிவ மெல்லிய வாய்க்காலில் இரத்தத்தை ஓடவிட்டு, பெரிய புற்று அணுக்களை ஒரு பக்கம் ஒதுக்குகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் கீழே கேள்வி அதேதான்: இரத்தம் எப்போது எடுக்கப்பட்டது, எந்தக் குழாயில், எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது. ஆர்என்ஏ மாதிரி நுட்பமான பொருளுக்கு அது இன்னும் முக்கியம்.

மிச்ச இரத்தம் எங்கே போகிறது என்றால், மூடி போட்டுச் சில நாள் குளிர் அறையில் வைத்திருப்போம். மருத்துவர் கூடுதலாக ஒன்று கேட்டால் மறுபடி குத்தாமல் அதிலிருந்தே பார்ப்பதற்காக. பிறகு அது அபாயக் கழிவோடு எரிக்கப்பட்டுவிடும். ஆராய்ச்சிக்குத் திசுக்களை எடுத்துக்கொள்வதை 2015-இல் வந்த மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அம்மாவிடம் ஒப்புதல் படிவம் எதுவும் நீட்டினால் நிதானமாகப் படித்து, புரியாததைக் கேட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அடுத்த தடவைக்கு அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள். காலையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள், நரம்பு ஒடுங்கி ஊசி இரண்டு முறை குத்த வேண்டிவருகிறது. மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்னபடி. கையை இறுக மூடித் திறக்க வேண்டாம், லேசாக வைத்திருந்தால் போதும். போன முறை பொட்டாசியம் தப்பாக ஏறிவிட்டது என்று தாதியிடம் முதலிலேயே சொல்லிவிடட்டும். மதியத்தைவிடக் காலையில் போவது நல்லது. குழாயில் பெயரும் அடையாள எண்ணும் ஒட்டும்போது அம்மாவையே படித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் மாறிவிட்டதோ என்ற உங்கள் பயத்துக்கு அதுதான் மருந்து, அதற்கு ஐந்து நொடிதான் ஆகும்.